மெலனோமா வந்தவருக்கு இன்னொரு புற்றுநோய் வருமா? கணக்கு என்ன சொல்கிறது

56 வயதுப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு வருடத்துக்கு முன்பு அவருடைய கெண்டைக்காலில் இருந்த ஒரு மச்சம் கறுத்து, ஓரம் கலைந்து, பெரிதாகத் தொடங்கியது. வெட்டியெடுத்துப் பரிசோதித்ததில் மெலனோமா, அதாவது தோலின் நிறமி செல்களில் தொடங்கும் புற்றுநோய், என்று தெரிந்தது. சுற்றியிருந்த ஒரு சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுத்தார்கள். கட்டியின் தடிமன் 0.6 மில்லிமீட்டர்தான். வேறெங்கும் பரவவில்லை. மருந்தோ ரேடியேஷனோ தேவைப்படவில்லை. இப்போது அங்கே மெல்லிய தழும்பு மட்டும் இருக்கிறது, அவரும் அதை ஏறக்குறைய மறந்துவிட்டார். ஒரு நாள் மாலை, முதுகு அரிக்கிறது, கொஞ்சம் மருந்து தடவிவிடு என்று மகளைக் கூப்பிடுகிறார். இடது தோள்பட்டைக்குக் கீழே வந்ததும் மகளின் விரல் நின்றுவிடுகிறது.

“அம்மா, இந்த மச்சம் முன்னாடி இருந்துச்சா?”

இவர் கற்பனைப் பாத்திரம்தான். ஆனால் இந்தக் கேள்வி உலகம் முழுக்கத் தினமும் கேட்கப்படுகிறது. கேட்டவுடன் மனசில் தோன்றுவதும் ஒன்றுதான்: திரும்பி வந்துவிட்டது. இந்த எண்ணம் பல நேரம் தப்பு. அந்தத் தப்பால் தேவைக்கு மேல் பயப்படுபவர்களும் உண்டு, பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்காமல் விடுபவர்களும் உண்டு. அதனால் அந்த ஒரு சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

திரும்பி வந்ததா, புதிதாக வந்ததா?

மெலனோமா வந்தவருக்குப் பிறகு வேறொரு கட்டி தெரிந்தால் அது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். பழைய கட்டியிலிருந்து தப்பித்த செல்கள் நிணநீர் வழியாகவோ ரத்தம் வழியாகவோ போய் வேறிடத்தில் வளர்ந்திருக்கலாம். இது பரவல். அல்லது பழையதோடு எந்த உறவும் இல்லாமல், வேறொரு செல் தன் போக்கில் கெட்டுப்போய்ப் புதிய புற்றுநோயாகத் தொடங்கியிருக்கலாம். இதை இரண்டாம் முதன்மைப் புற்றுநோய் என்கிறார்கள். இந்த இரண்டாவது, இன்னொரு மெலனோமாவாகவும் இருக்கலாம், மார்பகத்திலோ கணையத்திலோ வந்த முற்றிலும் வேறு நோயாகவும் இருக்கலாம்.

பிரித்துச் சொல்வது, வெட்டியெடுத்த திசுவைப் பரிசோதிக்கும் பேத்தாலஜி மருத்துவரின் வேலை. மெலனின் என்ற நிறமியைச் செய்யும் மெலனோசைட் செல்கள், மேல்தோலின் அடிவரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. புதிதாகப் பிறக்கும் மெலனோமா பெரும்பாலும் அந்த அடிவரிசையில்தான் தொடங்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கெட்ட செல்கள் அந்த வரிசையை ஒட்டிப் பக்கவாட்டில் படர்ந்திருக்கும், சில மேல் நோக்கி ஏறியிருக்கும். வேறிடத்திலிருந்து வந்து சேர்ந்த கட்டி வழக்கமாக உள்தோலிலோ அதற்கும் கீழே கொழுப்பிலோ உருண்டையாக இருக்கும், மேலே இருக்கும் மேல்தோல் தொந்தரவு இல்லாமல் கிடக்கும். விதிவிலக்குகள் உண்டு. பரவிவந்த கட்டி சில நேரம் மேல்தோலுக்குள்ளும் ஏறிப் புதியது போல நடிக்கும். அப்போது கட்டியின் எண்ணிக்கை, இடம், மரபணுப் பிறழ்வுகள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

இந்த வேறுபாட்டில் வாழ்க்கையே அடங்கியிருக்கிறது. தொலைவில் பரவிய மெலனோமா என்றால் நான்காம் நிலை. புதிதாக வந்தது, மேல்தோலைத் தாண்டாமல் இருக்கிறது என்றால் அது பூஜ்ய நிலை, அதாவது வெட்டியெடுத்தால் தீர்ந்தது. அதே முதுகு, அதே கரும்புள்ளி, ஆனால் இரண்டு வேறு எதிர்காலங்கள். தடிமன் மில்லிமீட்டரில் இவ்வளவு முக்கியமாகப் பேசப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. மெலனோமா எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே அதன் போக்கைச் சொல்லும் என்று 1970-இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற மருத்துவர் காட்டினார். இன்றும் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் அவர் பெயரில்தான் அந்த எண் வருகிறது.

89,515 பேரின் கதை

இந்த விஷயத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு ஒன்று 2010-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடான ‘சீர்’ (SEER) தரவிலிருந்து, 1973 முதல் 2006 வரை மெலனோமா கண்டறியப்பட்டு, குறைந்தது இரண்டு மாதமாவது உயிரோடு இருந்த 89,515 பேரை எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 10,857 பேருக்கு, அதாவது 12.1 சதவீதம் பேருக்கு, பின்னாளில் இன்னொரு முதன்மைப் புற்றுநோய் வந்திருந்தது.

12 சதவீதம் என்றதும் நெஞ்சு திக்கென்கிறது. ஆனால் புற்றுநோய் வயதோடு வரும் நோய். மெலனோமா வராத அதே வயதுக்காரர்களிலும் ஒரு பங்கினருக்கு இத்தனை வருடத்தில் ஏதாவது புற்றுநோய் வந்தே தீரும். எனவே கேட்க வேண்டியது, எதிர்பார்த்ததைவிட எவ்வளவு கூடியது என்பதைத்தான். ஆய்வு சொன்ன விடை 28 சதவீதம். பொது மக்களில் 100 பேருக்கு வரும் இடத்தில் இவர்களுக்கு 128 பேருக்கு வந்தது.

இந்த 28 சதவீதத்தைத்தான் பல கட்டுரைகள் தலைப்பாக்கி, அங்கேயே நிறுத்திவிடுகின்றன. என் வேண்டுகோள், இன்னும் ஒரு படி போய்ப் பாருங்கள். அதே ஆய்வு இரண்டு விவரங்களைத் தருகிறது. பின்னால் வந்த புற்றுநோய்களில் கால் பங்கு இன்னொரு மெலனோமா. அந்த இரண்டாவது மெலனோமா, எதிர்பார்த்ததைவிட 8.61 மடங்கு.

காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டால் போதும். 10,857-ஐ 1.28-ஆல் வகுத்தால், சாதாரணமாக எதிர்பார்க்கக்கூடியது சுமார் 8,480. ஆக, கூடுதலாக வந்தவை சுமார் 2,400. இப்போது மெலனோமாவை மட்டும் எடுங்கள். 10,857-இல் கால் பங்கு சுமார் 2,700. அதை 8.61-ஆல் வகுத்தால் எதிர்பார்த்தது 315 போல வருகிறது. கூடுதலாக வந்த மெலனோமா சுமார் 2,400.

இரண்டும் ஒரே எண். அதாவது இந்த 89,515 பேரிடம் கூடிப்போன புற்றுநோய்ச் சுமை ஏறக்குறைய முழுவதும் இன்னொரு மெலனோமாதான். மற்ற எல்லாப் புற்றுநோய்களையும் ஒன்றாகக் கூட்டினால், பொது மக்களுக்கு வந்த அளவுதான் இவர்களுக்கும் வந்திருக்கிறது. இது தோராயக் கணக்கு, தனித்தனிப் புற்றுநோய்களின் ஏற்ற இறக்கத்தை மறைக்கும் கணக்கு. இருந்தாலும் பயத்தை எந்தத் திசையில் திருப்ப வேண்டும் என்று இதைவிடத் தெளிவாக வேறெதுவும் எனக்குச் சொன்னதில்லை. மெலனோமாவிலிருந்து மீண்டவருக்கு அடுத்த ஆபத்து பெரும்பாலும் கண்ணால் பார்க்கக்கூடிய இடத்தில், அவருடைய தோலிலேயே, இருக்கிறது.

8.61 மடங்கு என்பதையும் நிதானமாகப் படிக்க வேண்டும். மெலனோமா பொதுவாகவே அபூர்வம். சின்ன எண்ணை எட்டரையால் பெருக்கினாலும் வருவது சின்ன எண்தான். 89,515 பேரில் 2,700 என்றால் நூற்றுக்கு மூன்று பேர். எல்லோருக்கும் ஒரே அளவும் இல்லை. 30 வயதுக்குள் முதல் மெலனோமா வந்தவர்களுக்கும், தலை, கழுத்துப் பகுதியில் வந்த பெண்களுக்கும் இந்த எட்டரை மடங்கு 13 மடங்கைத் தாண்டியது. இன்னொரு விஷயம், இருபது வருடம் கழிந்த பிறகும் கூடுதல் ஆபத்து மறையவில்லை. ஐந்து வருடம் தாண்டிவிட்டோம், இனிமேல் எல்லோரையும் போல்தான் என்ற நிம்மதி, பரவலைப் பற்றி ஓரளவு நியாயமானது. புதிய மெலனோமாவைப் பற்றி நியாயமில்லை.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையம் 2005-இல் வெளியிட்ட கணக்கு வேறு முகத்தைக் காட்டுகிறது. அங்கே வந்த 4,484 பேரில் 385 பேருக்கு, 8.6 சதவீதம், ஒன்றுக்கு மேற்பட்ட மெலனோமா. பதிவேட்டைவிட இது அதிகமாக இருப்பது இயல்பே. இப்படிப்பட்ட மையத்துக்கு வருபவர்களில் உடம்பெல்லாம் மச்சம் உள்ளவர்கள், குடும்பத்தில் நோய் உள்ளவர்கள் அதிகம். அங்கே கவனிக்க வேண்டிய எண் இன்னொன்று: இரண்டாவது மெலனோமா வந்தவர்களில் 59 சதவீதம் பேருக்கு அது முதல் வருடத்துக்குள்ளேயே கண்டுபிடிக்கப்பட்டது. சிலருக்கு முதல் கட்டி தெரிந்தபோதே இரண்டாவதும் எங்கோ இருந்திருக்கும். ஒன்றை வெட்டி எடுக்கும் அவசரத்தில் மற்ற தோலை யாரும் முழுதாகப் பார்க்காமல் விட்டால் அது அங்கேயே வளரும்.

ஏன் அதே தோலில் இன்னொன்று?

முதல் காரணம் எளிது. முதல் மெலனோமாவை உண்டாக்கிய வெயில் அந்த ஒரு இடத்தில் மட்டும் விழவில்லை. புறஊதாக் கதிர் டிஎன்ஏவில் தனக்கே உரிய தழும்பை விட்டுவிட்டுப் போகும். 2020-இல் வந்த ஓர் ஆய்வில், சாதாரணத் தோலிலிருந்து மெலனோசைட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து மரபணுக்களைப் படித்தார்கள். வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத தோலிலேயே சில செல்களில் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் பிறழ்வுகள் இருந்தன. தோல் புற்றுநோய் வந்த இடத்தை ஒட்டிய செல்களில் சேதம் இன்னும் அதிகம். கட்டியை வெட்டியெடுக்கலாம், அது முளைத்த நிலத்தை முழுவதும் வெட்டியெடுக்க முடியாது.

இரண்டாவது, மச்சங்கள். ஒரு சாதாரண மச்சத்துக்குள் நடப்பது ஆச்சரியமான விஷயம். பல மச்சங்களில், மெலனோமாவில் காணப்படும் அதே பிராஃப் மரபணுப் பிறழ்வு இருக்கிறது. ஒரு மெலனோசைட் அந்தப் பிறழ்வால் உந்தப்பட்டுப் பெருகத் தொடங்குகிறது, பல தடவை பிரிகிறது, பிறகு பிரேக் போட்டது போல நின்றுவிடுகிறது. நின்ற அந்தக் கூட்டம்தான் நாம் பார்க்கும் மச்சம். அந்தப் பிரேக்குகளில் முக்கியமான ஒன்று பி16 என்ற புரதம். பெரும்பாலான மச்சங்கள் வாழ்நாள் முழுக்க நின்ற இடத்திலேயே நிற்கும். ஆனால் உடம்பில் நூற்றுக்கு மேல் மச்சம் உள்ளவருக்கு, ஏதாவது ஒன்றில் பிரேக் விட்டுப்போக அத்தனை வாய்ப்புகள் கூடுகின்றன.

அந்தப் பிரேக்கே பிறவியிலேயே பழுதாக இருந்தால்? மூன்றாவது காரணம் அதுதான், இதன் வரலாறு 200 வருடம் பின்னால் போகிறது. இங்கிலாந்தின் ஸ்டவர்பிரிட்ஜ் ஊரில் மருத்துவம் பார்த்த வில்லியம் நோரிஸ், 1820-இல் 59 வயது நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். அவருக்கு இன்று நாம் மெலனோமா என்று சொல்லும் கட்டி. அவருடைய தகப்பனாரும் அதே போன்ற நோயால் இறந்திருந்தார், பிள்ளைகளின் உடம்பிலும் நிறைய மச்சங்கள். இந்த நோய் குடும்பத்தில் இறங்குகிறது என்று நோரிஸ் அன்றே சந்தேகப்பட்டார். மரபணு என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. கூர்ந்து பார்த்த ஒரு கண்ணும், குடும்பத்தைப் பற்றிக் கேட்ட ஒரு கேள்வியும் மட்டும்தான் அவரிடம் இருந்தன.

1978-இல் அமெரிக்காவில் வாலஸ் கிளார்க் குழுவும், ஹென்றி லிஞ்ச் குழுவும் தனித்தனியாக இப்படிப்பட்ட குடும்பங்களை விவரித்தார்கள். 1994-இல் காரணமான மரபணு அகப்பட்டது. 9-ஆம் குரோமோசோமில் இருக்கும் சிடிகேஎன்2ஏ. அந்தப் பி16 புரதத்தைச் செய்வது இதுதான். மெலனோமா வந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குக் குடும்பத்திலும் யாருக்காவது அது இருக்கும். அப்படிப் பலருக்கு வந்த குடும்பங்களில் 20 முதல் 40 சதவீதத்தில் இந்த மரபணுவில் பிழை காணப்படுகிறது.

கணையம், சிறுநீரகம், நிணநீர்

சிடிகேஎன்2ஏ பிழை தோலோடு நிற்பதில்லை. கணையப் புற்றுநோய்க்கும் அது கதவைத் திறக்கிறது. நெதர்லாந்தின் லெய்டன் பகுதிக் குடும்பங்களில் பரவலாக இருக்கும் ஒரு குறிப்பிட்ட பிழை, அந்த மரபணுவில் 19 எழுத்துகள் உதிர்ந்துபோன பிழை, நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. அதைச் சுமப்பவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு வாழ்நாளில் கணையப் புற்றுநோய் வருவதாகக் கணக்கிட்டார்கள். கணையம் சத்தமில்லாமல் கெடும் உறுப்பு. அதனால் இந்தப் பிழை உறுதியானவர்களுக்கு 40 வயதிலிருந்தே வருடாவருடம் எம்ஆர்ஐ அல்லது எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்ட் மூலம் கணையத்தைப் பார்க்கும் திட்டங்கள் நடக்கின்றன. இந்தக் குடும்பங்களில் புகைப்பவர்கள் நெருப்போடு விளையாடுகிறார்கள் என்று சொல்வதில் மிகையே இல்லை.

மற்ற சில மரபணுக்களும் உண்டு. பேப்1 பழுதான குடும்பங்களில் கண்ணுக்குள் வரும் மெலனோமா, தோல் மெலனோமா, சிறுநீரகப் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா ஆகியவை சேர்ந்து தென்படும். எம்ஐடிஎஃப் மரபணுவின் ஒரு வகை, மெலனோமாவையும் சிறுநீரகப் புற்றுநோயையும் இணைக்கிறது. இவை எல்லாமே அபூர்வம். மெலனோமா வந்த பெரும்பாலோருக்கு இப்படி எந்தப் பிறவிப் பிழையும் கிடையாது.

நான்-ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயின் கதை வேறு. 2010 ஆய்வில் அது 25 சதவீதம் கூடியிருந்தது. திசையைத் திருப்பிப் பார்த்தாலும் இந்த உறவு தெரிகிறது: லிம்போமாவும், நாட்பட்ட லிம்போசைட்டிக் ரத்தப் புற்றுநோயும் உள்ளவர்களுக்கு மெலனோமா வழக்கத்தைவிட அதிகமாக வருகிறது. எதிர்ப்பு சக்தி தளர்ந்த உடம்பில் மெலனோமா எளிதாகத் தலை தூக்கும் என்பது ஒரு பாதி விளக்கம். உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பிறகு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களிடமும் அதைப் பார்க்கிறோம். மறு பாதி இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

அதே ஆய்வில் மார்பகப் புற்றுநோய் 10 சதவீதமும் புராஸ்டேட் புற்றுநோய் 15 சதவீதமும் கூடியிருந்தன. இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒருமுறை புற்றுநோய் வந்தவர் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியோடு பழகியவர். மேமோகிராம் தவறவிடமாட்டார், புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை செய்துகொள்வார், வேறொன்றுக்காக எடுத்த ஸ்கேனில் சிறுநீரகத்திலோ தைராய்டிலோ ஒரு சின்னக் கட்டி தட்டுப்படும். தேடுகிற இடத்தில் கிடைக்கும். கூடவே, மெல்லிய மெலனோமா கண்டுபிடிக்கப்படுவதே பெரும்பாலும் மருத்துவ வசதி உள்ளவர்களிடம், அவர்கள் மற்ற பரிசோதனைகளுக்கும் போகிறவர்கள். 10, 15 சதவீதம் போன்ற சின்ன ஏற்றங்களில் உண்மையான ஆபத்து எவ்வளவு, கூர்ந்து தேடியதால் கிடைத்தது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். எட்டரை மடங்கை அப்படித் தள்ளிவிட முடியாது.

எண்ணில் வராத புற்றுநோய்களும் உண்டு. தோலில் வரும் பேசல் செல், ஸ்குவேமஸ் செல் புற்றுநோய்களைப் பெரும்பாலான பதிவேடுகள் எண்ணுவதே இல்லை, அத்தனை சாதாரணமாக வருபவை அவை. அதே வெயில்தான் அவற்றுக்கும் காரணம் என்பதால், மெலனோமா வந்த வெள்ளைத் தோல்காரர்களிடம் அவை அடிக்கடி வரும். பெரும்பாலும் உயிரை எடுக்காது. ஆனால் முகத்தில், மூக்கில், காதில் வந்து சதையைத் தின்னும்.

இந்த எண்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோல் மக்களிடமிருந்து வந்தவை என்பதையும் சொல்லியாக வேண்டும். கருமையான தோலில் மெலனோமா மிகக் குறைவு. வந்தால் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கு அடியில் வருவது அதிகம், அந்த வகைக்கு வெயிலோடு பெரிய தொடர்பில்லை. எனவே எட்டரை மடங்கை அப்படியே எடுத்து எல்லாத் தோலுக்கும் பொருத்தக்கூடாது.

மருந்தே புதுக் கட்டியைக் கிளப்பினால்

இங்கே கொஞ்சம் நிற்கத் தோன்றுகிறது, இந்தத் துறையில் இதைவிட வினோதமான அத்தியாயம் குறைவு. மெலனோமாவில் ஏறத்தாழ பாதியில் பிராஃப் பிறழ்வு இருக்கிறது. அந்தப் புரதத்தை அடைக்கும் வெமுராஃபெனிப் மாத்திரை 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உடம்பெங்கும் பரவிய கட்டிகள் சில வாரங்களில் சுருங்கின. ஆனால் அதே வாரங்களில், சுமார் ஐந்தில் ஒருவருக்குத் தோலில் புதிதாக ஸ்குவேமஸ் செல் புற்றுநோய்கள் முளைத்தன. மெலனோமாவை அடக்கும் மருந்து, பக்கத்து வீட்டில் இன்னொன்றை எழுப்பியது.

விடை 2012-க்குள் கிடைத்தது. பிராஃப் பிறழ்ந்த செல்லில் மருந்து அந்தப் புரதத்தை நிறுத்துகிறது. பிராஃப் நன்றாக இருக்கும் செல்லில், ஆனால் அதற்கு மேல்படியில் உள்ள ராஸ் மரபணு ஏற்கனவே வெயிலால் கெட்டிருந்தால், அதே மருந்து புரதங்களை ஜோடி சேர்த்து வளர்ச்சிச் சமிக்ஞையைத் தூண்டிவிடுகிறது. அப்படி முளைத்த கட்டிகளைப் படித்தபோது சுமார் 60 சதவீதத்தில் ராஸ் பிறழ்வு இருந்தது. மருந்து புதிதாகப் பிறழ்வை உண்டாக்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்ததைத் தட்டி எழுப்பியது. இந்த அறிவு வீணாகவில்லை. சங்கிலியில் அடுத்த கண்ணியான மெக் புரதத்தையும் அடைக்கும் இன்னொரு மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தபோது, மெலனோமாவுக்கு எதிரான பலன் கூடியது, தோல் கட்டிகள் குறைந்தன. இன்று ஜோடியாகத்தான் கொடுக்கிறார்கள். ஆனாலும் இந்த மாத்திரை சாப்பிடுபவர் தோலை அடிக்கடி காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

நீண்ட நாள் வாழ்வதால் எழும் கேள்வி

ஒரு காலத்தில் இந்தக் கட்டுரைக்கே அவ்வளவு தேவை இருந்திருக்காது. 2011-க்கு முன்பு, பரவிய மெலனோமா உள்ளவர்களில் பாதிப் பேர் ஒரு வருடத்தைக்கூடத் தாண்டவில்லை. எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டு இம்யூனோதெரபி மருந்துகளைச் சேர்த்துப் பெற்றவர்களில் 43 சதவீதம் பேர் பத்து வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள் என்று 2024-இல் வெளியான ஆய்வு காட்டியது. தொடக்கத்திலேயே பிடிபட்ட மெலனோமாவிலோ ஐந்தாண்டு உயிர்பிழைப்பு விகிதம் நூறு சதவீதத்தைத் தொடுகிறது. 2022-இல் உலகம் முழுக்க சுமார் 3.3 லட்சம் பேருக்குப் புதிதாக மெலனோமா வந்தது, இறந்தவர்கள் சுமார் 59,000. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் பெருங்கூட்டம் பத்து, இருபது, முப்பது வருடம் வாழப்போகிறது. அவர்கள் கேட்கும் கேள்வி இது.

அவர்களில் பலர் டாக்டரிடம் கேட்பது, வருடா வருடம் முழு உடம்பு ஸ்கேன் எடுக்கலாமா என்பது. ஆசை புரிகிறது. ஆனால் மெல்லிய மெலனோமாவுக்கு, அறிகுறி எதுவும் இல்லாதபோது இப்படி ஸ்கேன் எடுக்கச் சொல்லி வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. அது ஆபத்தில்லாத நிழல்களைக் காட்டி, தேவையில்லாமல் ஊசி குத்திப் பார்க்க வைத்து, பயமுறுத்தும். முக்கியமாக, இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள தோல் மெலனோமாவை எந்த ஸ்கேனும் காட்டாது. அதைக் காட்டுவது கண்.

எனவே முழுத் தோல் பரிசோதனை. உடையைக் களைந்து, நல்ல வெளிச்சத்தில், உச்சந்தலை முதல் கால்விரல் இடுக்கு வரை. டாக்டர் கையில் டெர்மாஸ்கோப் இருக்கும், பெரிதாக்கிக் காட்டி, மேல்தோலின் பளபளப்பைத் தாண்டி உள்ளே நிறமி வலைப்பின்னலைக் காட்டும் கருவி. எவ்வளவு இடைவெளியில் என்பது ஆளைப் பொறுத்தது. மச்சம் அதிகம் உள்ளவருக்கும் குடும்ப வரலாறு உள்ளவருக்கும் அடிக்கடி.

வீட்டில் மாதம் ஒருமுறை பார்ப்பதற்கு இன்னொருவர் வேண்டும். முதுகு, காதுக்குப் பின்புறம், பிட்டம், முழங்காலின் மடிப்பு, இவை தன் கண்ணுக்கு எட்டாத இடங்கள். முடியைச் சீப்பால் கோடு கோடாகப் பிரித்து உச்சந்தலையைப் பார்க்க வேண்டும். நகத்தில் வண்ணம் இருந்தால் அழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். போனில் எடுக்கும் படத்தில் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுத்தால், அடுத்த மாதம் ஒப்பிடுவதற்கு வாதமே இருக்காது. ஒருவருடைய மச்சங்களுக்கு ஒரு குடும்பச் சாயல் இருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒட்டாமல் தனித்துத் தெரிகிற ஒன்றைத்தான் முதலில் காட்ட வேண்டும். எல்லா மெலனோமாவும் கறுப்பாக இருக்காது. வேகமாக வளர்ந்து, தொட்டால் ரத்தம் கசியும் இளஞ்சிவப்பு உருண்டையும் மெலனோமாவாக இருக்கலாம். இப்படிப் பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம் இரண்டாவது மெலனோமா முதலாவதைவிட மெல்லியதாகவே பிடிபடுகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

வெயில் பாதுகாப்பு இனி எதற்கு, வந்தது வந்துவிட்டது என்று சிலர் நினைப்பதுண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நம்பூர் என்ற ஊரில் 1,621 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரைத் தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார்கள், மறு பாதியினரை அவரவர் விருப்பத்துக்கு விட்டார்கள். 1996-இல் சோதனை முடிந்து பத்து வருடம் கழித்துப் பார்த்தால், தினமும் பூசியவர்களில் 11 பேருக்கு மெலனோமா, மற்றவர்களில் 22 பேருக்கு. எண்கள் சிறியவை, புள்ளியியல் நோக்கில் விளிம்பில் நிற்பவை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் பல வருட வெயில் தின்ற பெரியவர்கள். தாமதமாகத் தொடங்கினாலும் பயன் இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சோதனை கிடையாது. தோல் நிறம் மாற்றும் செயற்கை ஒளிப் படுக்கைகளை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2009-இல் உறுதியான புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில் சேர்த்துவிட்டது. மெலனோமா வந்தவர் அந்தப் பக்கமே போகக் கூடாது.

மார்பகம், குடல், கருப்பை வாய் போன்றவற்றுக்கு அந்தந்த வயதில் எல்லோரும் செய்யும் பரிசோதனைகளை இவர்களும் செய்ய வேண்டும். தோலை மட்டும் பார்த்துவிட்டு இவற்றை மறப்பவர்களும் இருக்கிறார்கள்.

அந்த 56 வயதுப் பெண்ணிடம் திரும்புவோம். தோள்பட்டைக்குக் கீழிருந்த மச்சத்தை வெட்டியெடுத்து அனுப்பினார்கள். பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது: மெலனோமா, மேல்தோலுக்குள் மட்டும், உள்தோலில் இறங்கவில்லை, கால் கட்டியோடு தொடர்பில்லாத புதியது. அம்மா நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார். டாக்டர் இன்னும் விடவில்லை.

“உங்க குடும்பத்துல வேற யாருக்காவது கேன்சர் இருந்திருக்கா?”

“தோல்ல யாருக்கும் இல்ல டாக்டர். என் தம்பிதான், 49 வயசுல போயிட்டான். கணையத்துல கட்டின்னாங்க.”

டாக்டர் பேனாவை எடுத்தார். ஒரே ஆளுக்கு இரண்டு மெலனோமா, உடன்பிறந்தவருக்குக் கணையப் புற்றுநோய், மொத்தம் மூன்று. ஒரு குடும்பத்தில் இப்படி மூன்று சேர்ந்தால் மரபணு ஆலோசனைக்கு அனுப்புவது வழக்கம். ஒரு வெள்ளைத்தாளில் ஆண்களுக்குச் சதுரமும் பெண்களுக்கு வட்டமும் போட்டார். தம்பியின் சதுரத்தைக் கறுப்பாக்கி மேலே ஒரு கோடு இழுத்தார். அம்மாவின் வட்டத்தையும் கறுப்பாக்கினார். அதிலிருந்து கீழே ஒரு கோடு இறங்கி, இன்னொரு வட்டத்தில் முடிந்தது. மகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரிசல்ட் வர சில வாரம் ஆகும்,” என்றார் டாக்டர். “அது எப்படி வந்தாலும், நீங்க இன்னைக்கே வந்துட்டீங்கல்ல, உங்க முதுகையும் பாத்துடலாம்.”